ஊரில் அப்பா அம்மா, இங்கே நாம்: புயல் மாதங்களுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: சிங்கப்பூரில் செங்காங்கில் கணவர், எட்டு வயது மகனுடன் வசிக்கிறேன். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. பேராவூரணிப் பக்கம் கடற்கரையிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் எங்கள் ஊர். பழைய ஓட்டு வீடு, பின்பக்கம் சிமெண்ட் ஷீட் போட்ட சமையற்கட்டு. கஜா புயலில் ஓடு பறந்தது, தென்னை பாதிக்கு மேல் போய்விட்டது. அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அண்ணன் துபாயில். ஐப்பசி பிறந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அப்பாவோ, “கஜாவையே பார்த்தாச்சு, இனி என்ன?” என்கிறார். இங்கிருந்து என்னென்ன வாங்கி அனுப்பலாம்? மூன்று மாதத்துக்கு இங்கேயே அழைத்து வந்துவிடலாமா? மகன் வேறு, “இங்கேயும் புயல் வருமா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.
செங்காங் வாசகி

பதில் (அவசரகாலத் தயார்நிலைப் பயிற்சியாளர்):

அன்புள்ள சகோதரிக்கு,

என்ன வாங்கி அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் முடிவாக வேண்டியது வேறு. புயல் வரும் இரவில் அப்பாவும் அம்மாவும் எந்தக் கூரைக்குக் கீழே இருப்பார்கள்? அங்கே எப்போது போவார்கள்? யார் அழைத்துப் போவார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத வீட்டுக்கு டார்ச் லைட்டும் பவர் பேங்கும் அனுப்பி ஆகப்போவது ஒன்றுமில்லை. பதில் இருந்துவிட்டால், மற்றவற்றில் பாதியை உள்ளூர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் இங்கே அழைத்து வரும் யோசனை. ஆசையோடு கேட்கிறீர்கள், புரிகிறது. வரட்டும், பேரனோடு தீபாவளி கொண்டாடட்டும். ஆனால் அதையே புயலுக்கான ஏற்பாடாக நினைத்துவிடாதீர்கள். ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 30. கஜா 2018 நவம்பர் 16. நிவர் 2020 நவம்பர் 25 இரவு. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. தானே கடலூர்ப் பக்கம் கரையேறியது 2011 டிசம்பர் 30, வருடம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது. ஆக, அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை ஆபத்துக் காலம்தான். வருகை அனுமதியில் எத்தனை நாள் தங்கலாம் என்பது குடிநுழைவு அதிகாரிகள் முடிவு செய்வது. தோப்பும் மாடும் உள்ள மனிதரை அத்தனை நாள் பன்னிரண்டாவது மாடியில் உட்கார வைப்பதும் நடக்கிற காரியமில்லை. அம்மா மட்டும் வரச் சம்மதித்தால் அழைத்துக்கொள்ளுங்கள். அப்பா அங்கேதான் இருப்பார் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுவோம்.

இப்போது அப்பா. “இனி என்ன?” என்று அவர் கேட்பது உங்களுக்குப் பிடிவாதமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கஜாவைத் தாண்டி வந்தவருக்கு, சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் “பத்திரமா இருங்க” என்று சொல்வது காதில் ஏறாது. அவருக்குத் தெரிந்ததை அவரிடமே கேளுங்கள். அன்றைக்கு ராத்திரி எங்கே இருந்தீங்க? காற்று எந்தப் பக்கமிருந்து அடிச்சது, எப்போ மாறுச்சு? எந்தச் சுவர் நின்னுச்சு? தண்ணீர் எங்கே வரைக்கும் வந்துச்சு? பேசட்டும், குறுக்கே போகாமல் கேளுங்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சிலேயே உங்கள் திட்டத்தின் பாதி கிடைத்துவிடும். எந்த அறை நிற்கும், எந்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்பது அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாது.

அதன்பிறகு ஒன்றே ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: அடுத்த தடவை இந்த ஓட்டு வீட்டில் இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பலத்த காற்றில் ஓடும் சிமெண்ட் ஷீட்டும் கத்திபோலப் பறக்கும். கூரை போனால் மழை நேரே சுவரில் இறங்கும், ஊறிய பழைய சுவர் எந்த நேரமும் விழும். காற்று நின்ற பிறகுகூட விழும். தெருவில் கான்கிரீட் தளம் போட்ட வீடு யாருடையது? பங்காளி வீடா, பள்ளிக்கூடமா, அரசு கட்டிய புயல் பாதுகாப்பு மையமா? ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். தேர்வு அவருடையதாக இருக்கட்டும்.

பெரியவர்கள் கிளம்ப மறுப்பதற்குப் பயமின்மை காரணமில்லை. பெரும்பாலும் மூன்று கவலைகள்தான் இருக்கும்: மாடு, வீட்டில் உள்ள பொருள், அடுத்தவர் வீட்டில் போய்ப் படுக்கும் கூச்சம். நான் நிவாரணப் பணியில் சந்தித்த பெண்மணிகள் பலர் இன்னொன்றும் மெதுவாகச் சொல்வார்கள். முகாமில் இரவில் கழிப்பறைக்கு எப்படிப் போவது என்ற கவலை அது. இது சின்ன விஷயமில்லை. இதற்காகவே வீட்டை விட்டு வராமல் இருந்துவிடுகிறார்கள். அம்மாவிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும், அப்பாவிடம் சொல்ல மாட்டார். உறவினர் வீட்டில் கழிப்பறை தரைத்தளத்தில் இருக்கிறதா, கைப்பிடிக்க ஏதாவது உண்டா என்பதுவரை பேசிவிடுங்கள். மாட்டைப் பொறுத்தவரை, கொட்டகையில் கட்டிப்போட்டு விட்டுப் போகக் கூடாது. மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போக வேண்டும், முடியாவிட்டால் அவிழ்த்தாவது விட வேண்டும். கட்டுத்தறியில் இருக்கும் மாட்டுக்குத் தப்பிக்க வழியே இல்லை. வீட்டுச் சாமானுக்குப் பூட்டு போதும்.

சரி, எப்போது கிளம்புவது? இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். தொலைக்காட்சியில் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த எண்கள் அடிப்படையில் கப்பல்களுக்கும் துறைமுகத்துக்குமான எச்சரிக்கை. உங்கள் வீட்டுக்கு வேண்டியது மணிக்கணக்கு. இந்திய வானிலை ஆய்வு மையம் நான்கு கட்டமாக எச்சரிக்கிறது. ஏறத்தாழ 72 மணி நேரம் முன்பு முதல் தகவல் வரும். கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்க 48 மணி நேரம் இருக்கும்போது மஞ்சள் எச்சரிக்கை. 24 மணி நேரம் முன்பு ஆரஞ்சு. கரையைக் கடக்க 12 மணி நேரம் இருக்கும்போது, உள்நாட்டு மாவட்டங்களையும் சேர்த்துச் சிவப்பு.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு வேலையை முடிச்சுப் போட்டு வையுங்கள். முதல் தகவல் வந்ததும் மருந்து, அரிசி, பணம் இருக்கிறதா என்று பார்ப்பது, மேல்தொட்டியை நிரப்புவது. மஞ்சள் வந்தால் அம்மா தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ உறவினர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவது. அப்போது பேருந்து ஓடிக்கொண்டிருக்கும், கூட்டமும் இருக்காது. ஆரஞ்சு வந்தால் அப்பா பகல் வெளிச்சத்திலேயே கான்கிரீட் வீட்டுக்குப் போய்விடுவது. சிவப்புக்காகக் காத்திருக்கவே கூடாது. கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது நள்ளிரவு தாண்டித்தான். அந்த நேரத்தில் கும்மிருட்டில், விழும் மரங்களுக்கிடையே யாரும் யாரையும் அழைத்துப் போக முடியாது. முதலில் வடக்கே கரையேறும் என்று சொல்லப்பட்ட அந்தப் புயல், நாள் நெருங்க நெருங்கத் தெற்கே தள்ளிப்போனதையும் அப்பாவுக்கு நினைவூட்டுங்கள். “கடலூருக்குத்தானாம்” என்ற செய்தியைக் கேட்டு உங்கள் ஊரில் யாரும் காலை நீட்டிப் படுக்கக் கூடாது.

நாலு தடவை கிளம்பிப் போய், மூன்று தடவை ஒன்றுமே நடக்காமல் திரும்பி வருவார்கள். அப்போது அலுப்பாக இருக்கும், தெருவில் நாலு பேர் கிண்டலும் செய்வார்கள். “வீண் அலைச்சல்” என்று அப்பா சொல்லும்போது, பேருந்துச் செலவு என் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். மகள் பணம் கொடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

புயலின் நடுவே காற்று சட்டென்று நின்றுபோகும் சமயம் ஒன்று உண்டு. கண் பகுதி தலைக்கு மேல் வரும்போது அப்படி ஆகும். எல்லாம் முடிந்தது என்று வெளியே வந்து ஓடு பொறுக்குபவர்கள்தான் அடிபடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று திரும்பவும் அடிக்கும், முதல் காற்றில் ஆடிப்போன மரமும் சுவரும் அப்போது சாயும். அரசு அறிவிக்கும்வரை வெளியே வரக் கூடாது. அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும். இருந்தாலும் அவருடன் இருக்கும் இளைஞர்களுக்கு அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டு வேலைகளில் சிலவற்றைப் புரட்டாசி முடியும் முன்பே செய்துவிட வேண்டும். சமையற்கட்டு ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி போல்ட்டுகளைக் கொத்தனாரை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்தால் மாற்றச் செலவு அதிகமில்லை. வீட்டின் மேல் கவிந்திருக்கும் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். முருங்கையைத் தயங்காமல் வெட்டலாம், அது எளிதில் முறியும், எளிதில் துளிர்க்கும். மொட்டை மாடியிலோ மேடையிலோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? காலியாக இருந்தால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். 500 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் அரை டன் கனம், இலகுவில் அசையாது. குடிக்கத் தண்ணீரும் ஆயிற்று, தொட்டியும் தப்பியது.

தென்னையை முழுதாகக் காப்பாற்ற வழியில்லை, அது உங்கள் அப்பாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். முற்றிய காய்களையும் இளநீரையும் புயலுக்கு முன் இறக்கிவிடுவதும், கீழே தொங்கும் பழுத்த மட்டைகளை வெட்டுவதும் மரத்தின் தலைப்பாரத்தைக் குறைக்கும். தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்கட்டும். சம்பா நெல் இருந்தால் பயிர்க் காப்பீட்டுக்கான கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வந்துவிடும், அதற்கு முன்பே கட்டிவிட வேண்டும்.

நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல நினைப்பது புயலுக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி. காற்று ஒரு ராத்திரிதான் அடிக்கும். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, தண்ணீர் இல்லை. செல்போன் கோபுரம் படுத்துவிடும். ஏடிஎம் இயங்காது. கடையில் சாமான் இருந்தாலும் சில்லறை கொடுத்தால்தான் கிடைக்கும். டெல்டாவில் அப்போது ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய், மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். கையில் ரொக்கம் இருந்த வீட்டுக்குத் தண்ணீர் வந்தது. இல்லாத வீட்டில் குடத்தோடு நடந்தார்கள்.

அதனால் பணத்தை இப்போதே அனுப்புங்கள். புயல் கரையேறிய மறுநாள் இங்கிருந்து நீங்கள் அனுப்பும் ஐந்நூறு வெள்ளி வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும், எடுக்க வழி இருக்காது. செப்டம்பரில் அனுப்பி, ஒரு மாதச் செலவுக்கான ரொக்கமாக, பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு அந்த வாரத்தில் யாரிடமும் சில்லறை இருக்காது. கைப்பேசியில் பணம் செலுத்தும் பழக்கம் இப்போது கிராமத்துப் பெட்டிக்கடை வரை வந்துவிட்டதால், வீட்டில் ரொக்கம் வைக்கும் வழக்கம் குறைந்துவிட்டது. இது புதிய பலவீனம்.

குடிக்க, சமைக்க ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்கு வையுங்கள். மூடி போட்ட குடங்களிலும் கேன்களிலும் ஒரு வாரத்துக்காவது நிரப்பி வைக்கலாம். வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விட்டு ஆற வைத்தால் போதும். அதனால் கேஸ் சிலிண்டர் ஒன்று கூடுதலாக நிரம்பியிருக்க வேண்டும். நனையாத இடத்தில் கொஞ்சம் விறகும் இருந்தால் நல்லது. அரிசி, பருப்பு, அவல், பொரி, வெல்லம், தீப்பெட்டி எல்லாம் அம்மாவுக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

அம்மாவின் இன்சுலினுக்குக் கொஞ்சம் நிதானமாக வருவோம், ஏனென்றால் குளிர்பதனப் பெட்டி நின்றதும் எல்லாரும் பதறுவது இதற்குத்தான். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினில் பெரும்பாலான வகைகள், அதிகச் சூடு இல்லாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியே இருக்கலாம். அவர் போடும் வகைக்கு எத்தனை நாள், எவ்வளவு வெப்பம் என்பது அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருக்கும். அதை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளட்டும். ஊரில் பலர் செய்வதுபோல, பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, அதில் மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடினால் நல்ல குளிர்ச்சி நிற்கும். மணலை மட்டும் காயவிடக் கூடாது. பனிக்கட்டியில் நேரடியாக வைப்பதுதான் ஆபத்து. உறைந்துபோன இன்சுலின் வீண், உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. ஒரு மாதத்துக்குக் கூடுதல் மருந்து, ஊசிகள், சர்க்கரை பார்க்கும் பட்டைகள் எல்லாம் அக்டோபருக்குள் கையில் இருக்க வேண்டும். இங்கிருந்து வாங்கி அனுப்பாதீர்கள். பெயரும் அளவும் மாறினால் குழப்பம் வரும். இன்னொன்று: அந்த நாட்களில் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். மடியில் வெல்லமோ குளுக்கோஸ் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

காகிதங்கள். கஜாவுக்குப் பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் நிவாரணப் பணியில் இருந்தபோது, கூரையே இல்லாமல் நின்ற வீட்டில் ஓர் ஆச்சி, திருகுமூடி போட்ட நீல நிற அரிசி டிரம்முக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பாலித்தீன் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் ரப்பர் வளையம் போட்ட பட்டா, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பேத்தியின் சாதிச் சான்றிதழ். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அடுத்த வீட்டில் பத்திரத் தாள்களைக் கொடியில் துணிபோல காயப்போட்டிருந்தார்கள், மை எல்லாம் கரைந்து ஓடியிருந்தது. சேதக் கணக்கெடுக்கக் கிராம நிர்வாக அலுவலர் வரும்போது ரேஷன் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு எண், நிலத்துக்குப் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் கேட்பார்கள். தோப்பின் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? அப்படியானால் இந்த வருடம் நீங்கள் செய்யும் மிகப் பயனுள்ள வேலை அதை அப்பா பெயருக்கு மாற்றுவதுதான். எல்லாவற்றையும் படமெடுத்து உங்கள் கைப்பேசியிலும் அண்ணன் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை நாலு பக்கமும், தோப்பை வரிசை வரிசையாகவும் இப்போதே படமெடுக்கச் சொல்லுங்கள். புயலுக்கு முன் எப்படி இருந்தது என்று காட்ட வேறு சாட்சி கிடையாது.

இனி நீங்கள் கேட்ட பட்டியல். இங்கிருந்து அனுப்பினால் பிரயோசனப்படுபவை குறைவு: தலையில் மாட்டும் விளக்கு இரண்டு, நல்ல பவர் பேங்க் ஒன்று, பேட்டரியில் ஓடும் சின்ன வானொலி. பவர் பேங்கை யாராவது கொண்டுபோனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. மாதம் ஒரு தடவை அதைச் சார்ஜ் போடும் பொறுப்பை அம்மாவிடம் கொடுங்கள். சும்மா கிடந்தால் இறங்கிப்போயிருக்கும். பட்டன் வைத்த பழைய மாதிரி கைப்பேசி ஒன்று ஊரிலேயே வாங்கலாம், ஒரு சார்ஜில் நாள்கணக்கில் நிற்கும். மரமறுக்கும் வாள், நல்ல கயிறு, தார்ப்பாய் மூன்றும் தெருவுக்கு ஒன்றாவது வேண்டும். கஜாவுக்கு மறுநாள் சாலையில் கிடந்த மரங்களைப் பல ஊர்களில் ஊர்க்காரர்களேதான் அறுத்து வழி உண்டாக்கினார்கள்.

ஜெனரேட்டர் வாங்கி அனுப்பலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பெரியவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு என் பதில், வேண்டாம். வாடகைக்கு எடுக்கட்டும். எடுத்தாலும் வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஜன்னலுக்குப் பக்கத்திலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

புயல் ஓய்ந்ததும் வீட்டுக்குள் நுழையும் முன் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. தேங்கிய தண்ணீரோடு பாம்பும் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும், மட்டைக் குவியலில் கை வைக்கும் முன் குச்சியால் தட்டிப் பார்க்கட்டும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 அழைப்பு எடுபடவில்லை என்றால் கிடைக்கிற வண்டியில் போகலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதி வைக்கட்டும்.

உங்கள் பக்கம் வருவோம். புயல் இரவில் நீங்கள் இங்கிருந்து, அண்ணன் துபாயிலிருந்து, சித்தி சென்னையிலிருந்து என்று ஆளாளுக்கு அழைத்தால் அப்பாவின் கைப்பேசி விடிவதற்குள் அணைந்துவிடும். அதற்குப் பிறகு அவருக்கு உண்மையிலேயே உதவி தேவைப்பட்டால் அழைக்க வழியில்லை. குடும்பத்தில் ஒருவரை நியமியுங்கள். திருச்சியில் இருக்கும் உறவினர் என்றால் பொருத்தம், புயல் அங்கே போகும்போது பெரும்பாலும் வலு குறைந்திருக்கும். அப்பா அவருக்கு மட்டும் பேசுவார். அவர் உங்கள் எல்லாருக்கும் குடும்பக் குழுவில் தகவல் போடுவார். தினமும் ஒரே நேரம் வைத்துக்கொள்ளலாம், ஊரில் காலை 7 மணி என்றால் நமக்கு 9.30. அழைப்பு போகாவிட்டாலும் குறுஞ்செய்தி போய்விடும் வாய்ப்பு உண்டு. “நல்லா இருக்கோம்” என்ற இரண்டு சொல் போதும்.

அதோடு, இரண்டு நாள் தகவலே வராமல் போகலாம். அது பெரும்பாலும் கோபுரம் விழுந்ததால்தான் இருக்கும். அந்த இரண்டு நாளுக்கு என்ன செய்வது என்றும் இப்போதே பேசி வையுங்கள்: மூன்றாம் நாள் காலை திருச்சி உறவினர் வண்டி எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்ப்பார் என்று. இந்த ஓர் ஏற்பாடு இருந்தால் நீங்கள் அந்த இரண்டு ராத்திரியும் கொஞ்சமாவது கண்ணயர முடியும். புயல் செய்தி வந்ததும் விமானச்சீட்டு எடுத்துக் கிளம்பிவிடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. பாதி வழியில் நீங்கள் மாட்டிக்கொண்டால் அப்பாவுக்கு இன்னொரு கவலை. விடுப்பைச் சேர்த்து வைத்து, சாலை திறந்த பிறகு போங்கள். ஓடு மாற்ற, படிவம் நிரப்ப, அலுவலகம் அலைய அப்போதுதான் ஆள் தேவை.

கடைசியாக, உங்கள் மகனுக்கு. புயல் சுழல்வதற்குப் பூமி சுற்றுவதால் கிடைக்கும் ஒரு திருப்பம் தேவை. பூமத்திய ரேகையில் அந்தத் திருப்பம் கிடையாது. சிங்கப்பூர் அதற்கு ஒரு பாகைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. அதனால் இங்கே புயல் உருவாவது மிக மிக அபூர்வம் என்று சொல்லுங்கள். ஆனால் வராது என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமெய் என்ற சூறாவளி நமக்குப் பக்கத்திலேயே ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது, பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகே அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் பதிவு செய்ததில்லை. நாம் இங்கே அடிக்கடி பார்ப்பது வேறு: ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடிகாலையில் சீறிக்கொண்டு வரும் சுமத்ரா காற்று, டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் விடாத பருவமழை. அதற்கு உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. வெளிப்புறம் திறக்கும் ஜன்னல்களில் பழைய அலுமினிய ஆணிகள் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றியிருக்க வேண்டும், 2004 முதல் அது சட்டம். காற்று எழும்பினால் துணிக்கம்புகளையும் பூந்தொட்டிகளையும் உள்ளே எடுத்துவிடுங்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள எச்சரிக்கைகள் டெலிகிராமில் வரும், சேர்ந்துகொள்ளுங்கள். தண்ணீர் தேங்கிய சாலையில் வண்டியை விடாதீர்கள். அவசரத்துக்கு 995 என்று மகனுக்குத் தெரிந்திருக்கும்.

அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். பாட்டியின் மருந்துகளின் பெயர், அளவு, எந்த வேளை, மருத்துவரின் எண், திருச்சி உறவினரின் எண் எல்லாவற்றையும் பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு, தன் கையால் தமிழில் இரண்டு பிரதி எழுதட்டும். நீங்கள் மாத்திரை அட்டைகளோடு ஒருமுறை சரிபார்த்துவிட்டு, ஒன்றைத் திருச்சிக்கும் இன்னொன்றை ஊருக்கும் அனுப்பி, பட்டாவோடு சேர்த்து அதே பையில் வைக்கச் சொல்லுங்கள்.